படிக்கட்டில் குடை பிடித்த நாற்பது நிமிடம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில், அரியூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழே இரண்டு வீடு, முதல் மாடியில் இரண்டு, அதற்கு மேல் இரண்டு. லிஃப்ட் கிடையாது. கட்டடத்துச் சொந்தக்காரர் பிரான்ஸில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘முசியே’தான், பிரெஞ்சில் ஐயா.

நான் கீழ் வீட்டில் இருந்துகொண்டு ஜாக்கெட் தைக்கிறேன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. அதனால் பெரிய விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் பயப்படுவதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. கேஸை மூடிவிட்டேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுப்பேன். தூரத்தில் இடி உருண்டாலே போதும், டிவி, மிக்ஸி, தையல் மோட்டார் என்று எல்லா ப்ளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுவேன். “நீ இருக்கற வூட்டுக்கு வாட்ச்மேனே வேணாம்” என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் குணத்தாலேயே கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது. யார் மோட்டாரைப் போட்டது, யார் நிறுத்த மறந்தது என்று தினமும் சண்டை. கடைசியில் சுவிட்சுக்கு ஓர் இரும்புப் பெட்டி செய்து, பூட்டுப் போட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் கட்டடத்தில் பொதுச் சாமான் எதுவானாலும் ஓர் இரும்புப் பெட்டி, ஒரு பூட்டு. சாவி என் இடுப்பில்.

மேல் மாடியில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டடத்தில் யாருக்குத் தலை சுற்றினாலும் பிரஷர் பார்ப்பது அவள்தான். எனக்கு வாரம் இரண்டு தடவை பார்ப்பாள். “பிரஷர் நார்மல்கா. பயந்தான் ஹைல இருக்குது” என்பாள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அதற்கு ஒரு மொழிப் பரீட்சை எழுத வேண்டுமாம். இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை பாஸ் செய்திருந்தாள். அந்த மார்க்குக்கும் ஆயுசு உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் மார்க் செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். அவளுடைய மார்க் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டி வழுக்கி விழுந்து, வலது காலில் முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. படி இறங்க முடியாது, மொட்டை மாடிக்கு ஏறவும் முடியாது.

மொட்டை மாடியை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் கட்டடத்தில் போன் பேச வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். பக்கத்தில் அரிசி மில்லின் பெரிய தகர ஷெட். அந்தத் தகரம்தான் டவரை மறைக்கிறது என்று தினமும் அதைத் திட்டுவோம். வீட்டுக்குள் வந்தால் போனில் ஒரு கோடு நிற்காது.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்கு வீடியோவில் இன்டர்வியூ வந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதே படம் உறைந்துபோய் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் நல்லவர்கள், பத்து நாள் கழித்துக் காலை பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். மூன்றாவது வாய்ப்புக் கிடையாது என்றும் எழுதியிருந்தார்கள்.

அவளைப் பார்த்துக்கொள்ளக் கடலோரப் பனித்திட்டிலிருந்து அவளுடைய அம்மா வந்திருந்தார். மீன் ஏலத்தில் நின்று பழகிய குரல். அவர் மேல் மாடியில் பேசினால் கீழே என் மிஷின் நின்றுவிடும். அந்த அம்மாள் இன்டர்வியூ பாதியில் நின்ற அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

முதல் மாடியில் இருக்கும் பாய் வீட்டு அம்மாதான் யோசனை சொன்னார். வில்லியனூரில் அவர்களுக்கு மளிகைக் கடை. “கடையில வைஃபை போட்டிருக்கோம்கா, நல்லா இருக்குது. இங்கயும் போட்டுட்டா இன்னா?” என்றார். முசியேவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டோம். “ஆறு வூட்டுக்கு ஆறு ஒயர் இழுத்து என் சொவத்த சல்லடை ஆக்காதீங்க. ஒரே ஒயரு, ஒரே ஓட்டை” என்று வாய்ஸ் அனுப்பினார்.

சரி, ஒரே லைன், ஆறு வீட்டுக்கும் பொது. வைஃபை கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நடுவில் வைத்தால்தான் மேலேயும் கீழேயும் போகும் என்று முதல் மாடியில் படி திரும்பும் இடத்தில் மோடத்தை மாட்டினார். மின்சாரம் போனாலும் நிற்கக் கூடாது என்று என் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து அதற்கு ஒரு ஒயர் இழுத்தோம். கூடவோ குறையவோ ஆறு வீட்டிலும் வைஃபை வந்தது. நர்ஸ் பெண்ணின் அம்மா நல்லவாட்டில் இருக்கும் தங்கச்சிக்கு வீடியோ போட்டார். போனே தேவையில்லை, அவர் குரல் நேராகவே நல்லவாட்டுக்குப் போயிருக்கும் என்று எதிர்வீட்டு ஆட்டோத் தம்பி கிண்டல் செய்தார். இன்டர்வியூவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. எல்லோரும் நிம்மதியானார்கள், என்னைத் தவிர.

படி திரும்பும் இடத்தில் காற்றுக்காக ஓட்டை ஓட்டையாகச் சிமென்ட் ஜாலி கட்டியிருக்கிறார்கள். மறுநாள் மழையில் சாரல் உள்ளே அடித்தது. மோடத்தின் மேல் நாலு சொட்டு நின்றதை நான் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான். தண்ணீர் புகுந்து புகைந்துபோனால்? பந்து விளையாடும் பிள்ளைகள் உடைத்துவிட்டால்? யாராவது கழற்றிக்கொண்டு போனால்? பல்லி உள்ளே போய்ச் செத்தால்?

“மோட்டாருக்குப் பண்ண மாதிரி இதுக்கும் ஒரு பெட்டி பண்ணிடலாம்” என்று நான்தான் சொன்னேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அளவு எடுத்தார். காற்றுக்கு ஓட்டை வைக்கட்டுமா என்று கேட்டார். பல்லி போகும், வேண்டாம் என்றேன். மறுநாளே கெட்டித் தகட்டில் பெட்டி வந்தது. ஒயர் நுழைய அடியில் ஒரு விரல் அளவுக்கு மட்டும் ஓட்டை. பச்சை பெயின்ட். மோடத்தைச் சுற்றி அதைச் சுவரில் பொருத்தி, கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

ஆட்டோத் தம்பி நின்று பார்த்தார். “இன்னாக்கா, நகைக்கடை லாக்கரா? உள்ள வச்சது வைஃபையா, வைரமா?”

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

எழுந்தபோது மேலிருந்து குரல் வந்தது. “லைன் போச்சு!”

மொட்டை மாடிக்குப் போய் வைஃபை கம்பெனிக்குப் போன் செய்தோம். ஒரு பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். மோடத்தை ஆஃப் செய்து, பத்து எண்ணி, மறுபடி ஆன் செய்யச் சொன்னாள். நான் இறங்கி வந்து பெட்டியைத் திறந்து அப்படியே செய்தேன். பச்சை விளக்கு எரிந்தது. மேலிருந்து நர்ஸ் பெண்ணின் அம்மா, “வந்துடுச்சு!” என்று கத்தினார். போனில் இருந்த பெண்ணும் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நான் பெட்டியைச் சாத்திப் பூட்டிவிட்டுக் கீழே வந்து ஒரு கை தைப்பதற்குள் மறுபடியும், “லைன் போச்சு!”

இப்படியே மூன்று நாள். ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை ஏறி இறங்கினேன். திறந்து, ஆஃப் செய்து, ஆன் செய்வேன். வரும். பூட்டிவிட்டு இறங்குவேன். போகும். ஒருநாள் கம்பெனி ஆளும் நேரில் வந்தார். அவர் வருகிறார் என்றதும் நான் முன்னாலேயே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியோடு பக்கத்தில் நின்றேன். அவர் தன் போனில் பார்த்தார். “ஸ்பீடு சூப்பரா இருக்குதேக்கா” என்றார். மேலே போய்ப் பார்த்தார், அங்கேயும் வந்தது. மோடத்தை நர்ஸ் பெண் வீட்டுக்கே மாற்ற முடியுமா என்று கேட்டோம். மறுபடி ஒயர் இழுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரு வாரம் இல்லை.

என் கைராசி சரியில்லை என்று பேச்சு வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதைவிட மோசமான ஒன்று நடந்தது.

லைன் போகும் நேரத்திலும் பாய் வீட்டில் மட்டும் கொஞ்சம் வந்துகொண்டிருந்தது. மோடத்துக்குப் பக்கத்துச் சுவர் அவர்களுடையது. எல்லா வைஃபையையும் அவர்கள் வீடே இழுத்துக்கொள்கிறது என்று யாரோ சொல்ல, நர்ஸ் பெண்ணின் அம்மா படியில் நின்றே கேட்டுவிட்டார்.

“எங்களுக்கு வராதது உங்க வூட்டுக்கு மட்டும் எப்படிம்மா வருது? எம் பொண்ணு வாழ்க்கைம்மா இது. படம் பாக்கறத ரெண்டு நாள் நிறுத்தினா இன்னா?”

பாய் வீட்டு அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. “நாங்க டிவியே போடலக்கா” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். யோசனை சொன்னதே அவர்தான். நான் சாவியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இருவருக்கும் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. படித்தவர்கள், கம்பெனிக்காரர்களே கண்டுபிடிக்காததில் நான் என்ன சொல்வது என்று கீழே இறங்கிவிட்டேன்.

இன்டர்வியூ நாள் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. நான் பொங்கல் வைத்து, அதில் உப்புப் போட மறந்து, மறந்தது நினைவுக்கு வந்து இரண்டு தடவை போட்டேன். பத்து மணி இருக்கும், பாய் வீட்டு அம்மா ஒரு பிரியாணி தேக்சாவோடு கீழே வந்தார். அதற்குள் நாலைந்து செல்போன்கள்.

“எங்க வூட்டுப் போன் எல்லாம் இதுல இருக்குதுக்கா. ஆஃப் பண்ணிட்டேன். டிவி ப்ளக்கும் புடுங்கியாச்சு. மத்தவங்களும் போட்டுட்டா யாரும் யாரையும் சொல்ல வேணாமில்ல?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கேட்கவே கஷ்டமாக இருந்தது. நான் என் போனைப் போட்டேன். ஆட்டோத் தம்பி சவாரி போயிருந்தார், அவர் மனைவி போட்டார். நர்ஸ் பெண்ணின் லேப்டாப்பைத் தவிர, கட்டடத்தில் வைஃபை குடிக்கும் பொருள் எதுவும் பாக்கியில்லை. தேக்சாவை மூடி போட்டு என் தையல் மேசையில் வைத்தோம்.

பத்தரை மணிக்கு மேல் மாடியிலிருந்து நர்ஸ் பெண்ணின் அம்மா குரல் வந்தது. “வரலம்மா! சுத்தமா வரல!”

அப்படியென்றால் இத்தனை நாள் பாய் வீட்டின் மேல் சொன்னதெல்லாம் பொய். பின்னே எதுதான் காரணம்? படியேறினேன். பெட்டியைத் திறந்தேன். ஆஃப் செய்து, பத்து எண்ணுவதற்குப் பதில் பயத்தில் முப்பது எண்ணி, ஆன் செய்தேன்.

“வந்துடுச்சு!”

சாத்திப் பூட்டினேன். வழக்கம்போலப் பூட்டை மூன்று தடவை இழுத்தேன்.

“போச்சு!”

நான் இழுத்த இழுப்பில் உள்ளே ஒயர் ஆடிவிட்டதோ என்று உடனே திறந்தேன். எதையும் தொடவில்லை, வெறுமனே பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!”

ஆஃப் பண்ணவே இல்லையே, எப்படி வந்தது? என் கையைப் பார்த்தேன். கதவை மெதுவாகச் சாத்தினேன், பூட்டவில்லை.

“போச்சுடி யம்மா!”

திறந்தேன்.

“வருது!”

அன்றைக்கு அந்தப் படியில் நின்றபோது எனக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது, இன்னும் நினைவிருக்கிறது. மில்லின் தகர ஷெட் டவரை மறைக்கிறது என்று தினமும் நாங்களே திட்டுகிறோம். அதே தகரத்தில் பெட்டி செய்து, மோடத்தை அதற்குள் வைத்துப் பூட்டியவள் நான். ஆஃப் செய்து ஆன் செய்ததால் வரவில்லை, அதற்காகக் கதவைத் திறந்ததால் வந்தது. கம்பெனி ஆள் வந்தபோதும் நான்தான் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஜாலி வழியாகச் சாரல் நேராக மோடத்தை நோக்கி வருகிறது. மோடம் சுவரோடு திருகி இருக்கிறது, கழற்ற எனக்குத் தெரியாது. மணி பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிடம்தான். ஓடிப்போய் என் குடையை எடுத்துவந்தேன். படிக்கட்டுக்குள்ளேயே குடையை விரித்து, பெட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகை ஜாலிக்குக் கொடுத்து நின்றேன். முதுகு முழுக்க நனைந்தது.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு நர்ஸ் பெண்ணின் குரல், இங்கிலீஷில். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் குரல் நிற்காமல் ஓடியது. அது ஓடும்வரை எல்லாம் சரி என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இடி இடித்தது. தூரத்தில் உருளும் இடி இல்லை, தலைக்கு மேலே. ஜாலி எல்லாம் வெள்ளையாக மின்னியது. என் கை தன்னால் மோடத்தின் ப்ளக்குக்குப் போய்விட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் ஊறிய பழக்கம் அது. இரண்டு விரலால் ப்ளக்கைப் பிடித்துவிட்டேன். இழுத்தால் போதும், எனக்கு உயிர் வரும். மேலே அந்தப் பெண்ணின் குரல் நின்றுபோகும்.

விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன். நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். எடுத்த கையை மறுபடி போய்விடாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டேன். அடுத்த இடிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை, எல்லோரையும்தான் கூப்பிட்டிருப்பேன். குடை மட்டும் அசையவில்லை.

கீழே ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோத் தம்பி சொட்டச் சொட்ட மேலே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“இன்னாக்கா, மழ வெளியத்தான பெய்யுது? நீ இன்னாத்துக்கு உள்ளாற கொட புடிக்கிற?”

சத்தம் போடாதே என்று கண்ணாலேயே மிரட்டி, பெட்டிக் கதவைக் காட்டி, காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினார். திரும்பி வரும்போது ஆட்டோவின் பக்கவாட்டில் மழைக்குக் கட்டும் ரெக்ஸின் திரை கையில் இருந்தது. அதை ஜாலியின் மேல் விரித்து ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். காற்றில் மறுமுனை படபடவென்று அடித்தது. பாய் வீட்டுக் கதவு திறந்தது. பாய் வீட்டு அம்மா எங்கள் இருவரையும் பார்த்தார், திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, பொட்டிதானா?” என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

“எம் பொட்டிதாம்மா” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “உங்கள அநியாயமா பேசவச்சிட்டேன். மன்னிச்சிடும்மா.”

“கொடைய நேரா புடிங்கக்கா, மொதல்ல” என்றார். அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது.

மூன்று பேரும் அப்படியே நின்றோம். கை மரத்துப்போய்க் கையை மாற்றினேன். மேலே குரல் ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை அந்தப் பெண் சிரிப்பது கேட்டது. எங்களுக்கும் காரணம் தெரியாமல் சிரிப்பு வந்தது. ஆட்டோத் தம்பி, “பாஸுக்கா, இது பாஸு” என்று கிசுகிசுத்தார்.

நாற்பது நிமிடம். பிறகு மேலே சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று மோடத்தைப் பார்த்தேன், விளக்கு எரிகிறது. கதவு படாரென்று திறந்தது. பனித்திட்டு அம்மாவின் குரல் ஐந்து வீட்டுக்கும் மழைக்கும் மேலே கேட்டது.

“முடிஞ்சிடுச்சும்மா! ஒரு தடவகூட நிக்கல! எல்லாக் கேள்விக்கும் எம் பொண்ணு பதில் சொல்லிட்டா!”

ஓடி இறங்கி வந்தவர், குடையும் ரெக்ஸினுமாக நாங்கள் நிற்பதைப் பார்த்து விழித்தார். இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது. எல்லோர் முன்னாலும், பெட்டி என் யோசனை, தப்பு என் பெட்டியின் தப்பு, பாய் வீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். கதவைச் சாத்தி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை ஆட்டோத் தம்பியின் போனில் காட்டினேன். அந்த அம்மாள் பாய் வீட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தப்பா பேசிட்டேன் தாயி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ நல்லா இருப்ப. ஆனா இந்தப் பொட்டிய மொதல்ல கடல்ல போடு” என்றார். மாவுக்கட்டோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மேல்படியில் நின்ற நர்ஸ் பெண் சிரித்த சிரிப்பில் விழுந்துவிடப் போகிறாளே என்று அதற்கும் நான்தான் பயந்தேன்.

அடுத்த வாரமே மெயில் வந்தது. அவளை எடுத்துக்கொண்டார்கள். மார்க்கின் காலம் முடிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது. மாவுக்கட்டுப் பிரித்து, நடந்து பழகி, தையில் விமானம் ஏறினாள். போவதற்கு முன்னால் எனக்குக் கடைசியாகப் பிரஷர் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

பெட்டியைக் கழற்றியதோடு நான் விடவில்லை. கீழ் வீடுகளுக்கு அப்போதும் அரைகுறையாகத்தான் வந்தது. போனை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டிலும் ஒவ்வொரு அறையாக நின்று பார்த்தேன். எந்தச் சுவர் தாண்டினால் குறைகிறது, பீரோ பக்கம் என்ன ஆகிறது, கதவு சாத்தினால் எவ்வளவு என்று எல்லாம் பார்த்தேன். ஜாக்கெட் வெட்டும் பிரவுன் பேப்பரில் கட்டடத்தை வரைந்து, வராத இடத்துக்கெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். தையல் டேப்பாலேயே படியை அளந்தேன்.

கம்பெனி ஆள் மறுபடி வந்தபோது அதை விரித்துக் காட்டினேன். குனிந்து ஒவ்வொரு பெருக்கல் குறியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“எந்த இன்ஜினியர் போட்டதுக்கா?”

“நாந்தான் தம்பி.”

மாடிக்கு ஒன்றாகச் சின்ன மோடம் வைத்து, படிக்கட்டு வழியாகவே ஒயர் இழுத்துக் கொடுத்தார். சுவரில் ஒரு புது ஓட்டைகூட இல்லை. சாரலுக்கு மேலே பிளாஸ்டிக் மூடி மட்டும். நான் சொன்ன அளவுக்கும் அவர் இழுத்த ஒயருக்கும் அரை முழம்கூட வித்தியாசம் வரவில்லை. முசியேவுக்கு வீடியோ அனுப்பினோம். “பிரமாதம்! யார் செய்தது?” என்று கேட்டிருந்தார். ஆட்டோத் தம்பி எனக்கு முந்தி, “கீழ்வூட்டு டெய்லர்” என்று பதில் போட்டார்.

இப்போது பக்கத்துத் தெருவில் வைஃபை போட்டாலும் என்னை வந்து பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு கட்டடத்துக்குப் பிரவுன் பேப்பரோடும் டேப்போடும் போய் வந்துவிட்டேன். போகிற இடத்தில் முதல் கேள்வி, “எதுக்குள்ளயாவது வச்சிப் பூட்டியிருக்கீங்களா?” என்பதுதான். ஓர் இடத்தில் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்கள், இன்னோர் இடத்தில் எவர்சில்வர் அண்டாவுக்குப் பின்னால். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்கும் யோக்கியதை இல்லை.

என் பயம் எங்கேயும் போய்விடவில்லை, இதை எழுதும்போதும் இரண்டு தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவள் கண்ணில் பட்டதும் உண்மையாக இருக்கலாம், அதை வாய் திறந்து சொல்லலாம் என்கிற தைரியம் அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு வந்தது, இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.